பந்தலில் ஏறிய சிறுகுறிஞ்சான்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது நிறம். ஸ்பிரிட் விளக்கின் மேல் இரண்டு முறை பொங்கி அடங்கிய சோதனைக் குழாயில், நீலமாக இருந்த கரைசல் ஆரஞ்சாக மாறியிருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன். அப்போதும் ஆரஞ்சுதான்.

"என்ன நெறம்?" என்று அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

மஞ்சள் என்று சொன்னேன். நோட்டில் ஆரஞ்சு என்று எழுதினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தேனியில் நான் ஒரு மதுரை நாளிதழின் நிருபராக இருந்தேன். வீட்டில் வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி அப்போது எங்களைப் போன்றவர்களிடம் கிடையாது. மருந்துக் கடையில் அந்த நீலக் கரைசலைப் பாட்டிலில் விற்றார்கள். அதில் ஒரு தேக்கரண்டி அளவு குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் முடியும். மூன்று வருடமாகத் தினமும் காலையில் அவளுக்காக இதைச் செய்தவன் நான். நிறத்தை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். ஆரஞ்சு என்ற சொல் அதுவரை அந்த நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் மட்டுமே இருந்தது. அது அவள் மாத்திரை தொடங்கிய வாரம்.

நான் பொய் சொன்னதற்குக் காரணம் அவளுடைய இடது கால். சித்திரைத் திருவிழாவுக்குத் தேனியிலிருந்து வீரபாண்டிக்கு வெறுங்காலுடன் நடந்து போயிருந்தாள். தீச்சட்டி எடுக்கவில்லை. சர்க்கரை இறங்கினால் நடந்து வருகிறேன் என்று மட்டும் நேர்ந்திருந்தாள். கார்த்திகையிலும் மார்கழியிலும் நிறம் பச்சைக்கு மேல் போகவில்லை. தை பிறந்தபின் இடையிடையே மஞ்சள் வந்தாலும், நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று நடந்தாள். தார் இளகிக் கிடந்த வெயில். திரும்பி வந்தபோது இடது சுண்டுவிரலுக்கு அடியில் குன்றிமணி அளவில் ஒரு கொப்புளம் இருந்தது.

ஆரஞ்சு வந்த அன்று அது பதினோராவது நாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. வலிக்கிறதா என்று தினமும் கேட்பேன். இல்லை என்பாள். வலி இல்லை என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும் என்று டாக்டர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார்.

மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலை மாத்திரையை அவள் கார்த்திகையிலேயே விட்டுவிட்டாள். அதைப் போட்டால் படுத்தபின் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். எனக்கு அது தெரியும். டாக்டரிடம் நாங்கள் சொல்லவில்லை. நிறம் பச்சையில் இருக்கும்போது டாக்டரிடம் போக யாருக்கும் தோன்றுவதில்லை. மாலை மாத்திரையின் வேலையை இலை பார்த்துக்கொள்கிறது என்று இருவருமே நம்பினோம்.

அந்த இலை சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். ஆண்டிபட்டிச் சந்தையில், வருசநாட்டு மலைப்பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் அதைச் சாக்கு விரித்து விற்பாள். நடுத்தர வயது. மூலிகை விற்கிறவர்கள் வழக்கமாகப் பேசும் பேச்சு எதுவும் அவளிடம் இல்லை. வந்தவரிடம் இரண்டு இலையைக் கொடுத்து மெல்லச் சொல்வாள். ஒரு நிமிடம் கழித்து, மடியில் வைத்திருக்கும் காகிதப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகைச் சீனியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பாள்.

"வாயில போட்டுப் பாருங்க. இனிச்சா காசு வேணாம். மண்ணா இருந்தா மட்டும் குடுங்க."

எங்கள் இருவருக்கும் முதல் முறை போன அன்று மண்ணாகத்தான் இருந்தது. நாக்கில் கரையும் ஆற்று மணல். கையில் கடிகாரம் இருந்ததால் பார்த்துக்கொண்டேன். இனிப்பு திரும்ப முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. பக்கத்து டீக்கடைக்காரருக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. "ஏத்தா, நீ இலையக் குடுத்து அனுப்புறவுக எல்லாம் எங்கிட்ட வந்து சீனி போடலன்னு சண்டைக்கு நிக்கிறாக. ஒண்ணு நீ கடைய மாத்து, இல்ல நான் மாத்துறேன்" என்றார். அவள் அவரிடமும் இரண்டு இலையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

என் மனைவி மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் இலை வாங்கிவருவாள். இரண்டு விரல் அகலத்தில் சின்ன இலை. கனமாக, மேலே பூனைமயிர் போல் முடி ஓடியிருக்கும். நிழலில் நாலு நாள் காயப்போட்டு, இடித்து, துணியில் சலித்து வைப்பாள். காலையும் மாலையும் மூன்று விரலால் எடுக்கும் அளவு. மருந்துப் பொடிக்கு எங்கள் பக்கத்தில் தராசு கிடையாது. மூன்று விரல்தான் அளவு.

ஒவ்வொரு முறையும் வாங்குவதற்கு முன் சந்தையிலேயே மென்று, சீனியைப் போட்டுப் பார்ப்பாள். இனிப்பு தெரிந்த நாளில் அந்தப் பெண்ணே அந்தக் கூறு இலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேறு கூறிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் உண்டு.

மாதாமாதம் ஆண்டிபட்டிக்கு அலைவது என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. உத்தமபாளையத்துக்கு மேற்கே அவனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல். அந்தப் பெண்ணிடமே சொல்லிவைத்து நாலு கொடித்துண்டு வாங்கி, ஓர் ஐப்பசி மழையில் நட்டான். மூன்றைப் பந்தலின் கடைசித் தூண்களின் அடியில் நட்டான். நாலாவதற்குத் தூண் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாறையை ஒட்டிய கிளுவை வேலியில் குத்திவிட்டு மறந்துவிட்டான்.

ஒரு வருடத்தில் மூன்று கொடிகளும் தூணைச் சுற்றி ஏறிக் கம்பியில் படர்ந்தன. அடுத்த மார்கழிக் கடைசியில் முதல் கூடை இலை வந்தது. நான் அப்படி ஓர் இலையைப் பார்த்ததில்லை. பாதி உள்ளங்கை அகலம், தொட்டால் வழுக்கும் மென்மை, கரும்பச்சை. எங்கள் தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். தம்பி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இனி மதினி சந்தைக்குப் போக வேணாம்ணே. வருசம் பூரா தழைஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றான்.

அது காய எட்டு நாள் ஆயிற்று. ஓரங்கள் கறுத்தன. இடித்தபோது பொடி பஞ்சு போல் பொங்கிவந்தது. சந்தை இலையின் பொடி சாம்பல் பூத்த பச்சையாக, சொரசொரப்பாக இருக்கும். இது பளிச்சென்று இருந்தது. நிறத்தைப் பார்த்து அவளுக்கு மகிழ்ச்சி.

மென்று பார்த்தாயா என்று ஒருநாள் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"காசு குடுத்து வாங்குறதச் சோதிக்கலாம். கொழுந்தன் கொண்டாந்து குடுக்குறதையா நாக்குல வச்சு நிறுத்துப் பாப்பாக? தம்பி காதுல விழுந்தா என்ன நெனைக்கும்?"

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. நானும் மென்று பார்க்கவில்லை.

இது நடந்து நாலைந்து மாதம் கழித்துத்தான் குழாயில் ஆரஞ்சு வந்தது. அன்று பத்து மணிக்கு அவளைப் பெரியகுளம் சாலையில் இருந்த எங்கள் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் காலைத்தான் முதலில் பார்த்தார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். ஊசி போட்டார். காலையில் என்ன நிறம் என்று கேட்டார். ஆரஞ்சு என்றேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

மாத்திரை பற்றி விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. டாக்டர் கோபப்படவில்லை, பேனாவை மூடி மேசையில் வைத்தார். இலை சாப்பிடுவதை அவர் முன்பு தடுத்ததில்லை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதாக நினைத்திருந்தார்.

"நாக்குல இனிப்புத் தெரியலைங்கிறது வேற. ரத்தத்துல சர்க்கரை இறங்குறது வேற. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க" என்றார். பிறகு என்னிடம், "சரி, இலை வேலை செஞ்சதாவே வச்சுக்குவோம். இத்தனை நாள் பச்சையில நின்னது இப்ப ஏன் ஏறுது? இடையில என்ன மாறுச்சு?" என்று கேட்டார்.

அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மாத்திரையை அன்று மாலையிலிருந்தே இரண்டு வேளையாகப் போடச் சொன்னார். பாதத்தின் சிவப்பு கணுக்காலைத் தாண்டினால் தன்னிடம் வந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம், நேரே மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். விரல்களைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். அது சர்க்கரை எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில் இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். ஐப்பசியில் பச்சையும் மஞ்சளும். இலை பழகி, மாலை மாத்திரையை விட்ட கார்த்திகையிலும் பச்சைதான். மார்கழியிலும் அதுவே. தை மூன்றாவது வாரத்தில் முதல் மஞ்சள். மாசியில் வாரத்துக்கு இரண்டு மஞ்சள். பங்குனியில் பச்சையைவிட மஞ்சள் அதிகம். சாப்பாட்டில் எதுவும் மாறவில்லை. தைக்கு முன்னால் மாறியது ஒன்றுதான்: கூடை வேறு இடத்திலிருந்து வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மண் பரிசோதனைக்கு வரும் வேளாண்மை அதிகாரி ஒருவர் எனக்குப் பழக்கம். கூட்டுறவுச் சங்கத்தின் முன் யூரியாவுக்கு நின்ற வரிசையைப் பற்றி நான் எழுதும் செய்திகளுக்கு அவர்தான் விவரம் சொல்வார். உரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். அட்டைக்கு இத்தனை மூட்டை என்று கணக்கு. அவரிடம் பந்தலில் ஏறிய கொடியைப் பற்றியும் இலையின் அளவையும் நிறத்தையும் சொன்னேன். எந்தப் பந்தல் என்று கேட்டார். திராட்சை என்றேன். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

யூரியாவில் இருக்கும் தழைச்சத்து கூடினால் செடி தழைக்கத்தான் செய்யும், அது வேறு, மருந்து வேறு என்றார். இலையில் உள்ள கசப்பும் மற்றவையும் செடி நமக்காகச் செய்வதில்லை; பூச்சியும் ஆடும் கடிக்காமல் இருக்கத் தனக்காகச் செய்துகொள்வது. தண்ணீரும் உரமும் காலடியில் கொட்டிக்கிடந்தால் அது வேகமாக இலை விடும். அந்தச் சரக்கை அதே வேகத்தில் செய்யாது. இருப்பதும் பெரிய இலைக்குள் பரவி நீர்த்துப்போகும்.

"தின்னு கொழுத்துக் கெடக்கிறவன் எதுக்குய்யா கத்தி தீட்டப் போறான்?" என்றார்.

ஆனால் எல்லா மூலிகைக்கும் இது பொருந்தாது என்றும் சொன்னார். சில செடிகளில் மருந்துச் சரக்குக்கே தழைச்சத்துதான் மூலப்பொருள். அவற்றுக்கு யூரியா போட்டால் மருந்தும் கூடும். அது வேறு வகை ஆபத்து. பழைய அளவில் சாப்பிடுகிறவனுக்கு மருந்து மிஞ்சிவிடும். சிறுகுறிஞ்சானில் என்ன ஆகும் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இங்கே அதை யாரும் அளந்ததாகத் தனக்குத் தெரியாது, அளக்கக் கருவியும் தன்னிடம் இல்லை என்றார். "உங்கட்டத்தான் ஒரு கருவி இருக்கே" என்று தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

சனிக்கிழமை காலை மாத்திரைக் காகிதத்தைப் பிரித்து எண்ணினேன். இரண்டு அதிகமாக இருந்தன. வியாழன் மாலையும் வெள்ளி மாலையும் அவள் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். இலைப்பொடியை மூன்று வேளையும் இரண்டு சிட்டிகையாக ஏற்றியிருப்பதாகச் சொன்னாள். அதற்கு மேல் மாத்திரையும் போட்டால் மயங்கித்தான் விழ வேண்டும் என்றாள். பொடியில் வீரியம் இல்லை போலிருக்கிறது என்றேன்.

"அதத் தம்பிட்ட நீங்க போய்ச் சொல்லுவீகளா?" என்றாள். "மூட்டைக்கு வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து, அதுல ஒரு கையி என் கொடிக்குன்னு ஒதுக்குது. திராட்சைக்கு மருந்தடிக்கிற அன்னிக்கு இந்தக் கொடி மேல சாக்கப் போத்தி மூடுது. அது குடுத்தத நான் வேணாம்னு சொல்லணுமா? சொல்லட்டும். தம்பியே வந்து, இது ஆகாது மதினின்னு சொல்லட்டும். நான் விட்டுர்றேன்."

அன்று மாலை நிறம் ஆரஞ்சுக்கும் செங்கலுக்கும் இடையில் இருந்தது. அதற்கு ஒரு பெயர் எழுதத் தெரியாமல் கோடு போட்டு வைத்தேன். அன்றே கிளம்பியிருக்க வேண்டும். சனிக்கிழமை தேனிச் சந்தை. பருத்தி, கடலை விலைகளைக் கடைசிப் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பியாக வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போனேன். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சீனி. தம்பி வாய்க்கால் கரையில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். மதினிக்குக் கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டான். சொன்னேன். பிறகு கொடியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

சந்தோஷமாகக் கூட்டிப்போனான். மூன்று கொடிகளும் தூண் தெரியாமல் மூடியிருந்தன. கீழே மண் ஈரமாக, தூணைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டியிருந்தது. திராட்சைக்கு உரம் வைக்கும்போதெல்லாம் இதற்கும் வைத்ததாகச் சொன்னான். அதுபோக மாதம் ஒரு கை யூரியா தனியாக. நான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அசுவினிப் பூச்சி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. வேலிப்பக்கம் இருந்த நாலாவது கொடியைப் பற்றிக் கேட்டேன். "அது சீக்காளிண்ணே. அது பாட்டுக்குக் கெடக்கு" என்றான். போய்ப் பார்த்தோம். கிளுவையில் நூல் மாதிரி ஓடியிருந்தது. சின்ன இலை, பழுப்பேறிய பச்சை. அதில் அசுவினி இல்லை.

பத்து மணி இருபது நிமிடத்துக்குப் பந்தல் கொடியில் ஒரு பெரிய இலையைப் பறித்து மென்றேன். கசந்தது, ஆனால் சட்டென்று போய்விட்டது. வாய் கொப்பளித்து, ஒரு நிமிடம் கழித்துச் சீனியைப் போட்டேன். மங்கலாக இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை. எட்டாவது நிமிடத்தில் முழு இனிப்பும் வந்துவிட்டது.

தம்பி என் கையில் இருந்த கடிகாரத்தையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிய நேரமாகவில்லை.

"ஒனக்கு வெத்தலை போட்ட நாக்குண்ணே. சரியாச் சொல்லாது. குடு, நான் பாக்குறேன்."

அவனும் மென்றான். அவனுக்கு ஆறே நிமிடம். இன்னோர் இலை பறித்து மென்றான். அதுவும் அப்படியே.

நாக்கு தெளிய ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மடை உடைந்து தண்ணீர் வேறு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் எழுந்து போகவில்லை. பிறகு வேலிக் கொடியில் ஆளுக்கு இரண்டு சின்ன இலை. கசப்பு தொண்டை வரை இறங்கி நின்றது. சீனி மணலாக இருந்தது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், இருபது. தம்பி பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாழைப்பழம் வாங்கிவந்து உரித்து ஒரு கடி கடித்தான். மாவைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி மீதியைக் கீழே வைத்தான். இருபத்தைந்தாவது நிமிடத்திலும் எங்கள் இருவர் வாயிலும் இனிப்பு இல்லை.

இதைக்கொண்டு எதையும் நிரூபித்துவிட்டதாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இரண்டு நாக்கு, நாலு கொடி. மாத்திரையைக் குறைத்ததுதான் முதல் தவறாக இருக்கலாம். தையில் ஏறத் தொடங்கியது எப்படியும் ஏறியிருக்கலாம். புண் சீழ்பிடித்தாலே சர்க்கரை ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பந்தலில் அருகருகே நின்ற இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் வேறு காரணம் எதுவும் கண்ணில் படவில்லை.

"பிடுங்கிப் போட்றவா?" என்று தம்பி கேட்டான்.

வேண்டாம், உரத்தை நிறுத்து என்றேன்.

"நிறுத்துனா சரியாயிருமா?"

தெரியவில்லை என்றேன். அது உண்மை. பிறகு, நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னேன். மாத்திரையை அவள் போட வேண்டும், அதற்கு நீ வந்து சொன்னால்தான் ஆகும் என்றேன். அவன் கை கால் கழுவி, தோளில் கிடந்த துண்டை உதறிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பஸ் சின்னமனூரைத் தாண்டியது. "நாலு வரிசைத் திராட்சைக்கே பத்தாத யூரியாண்ணே. அதுல எடுத்து வச்சேன்" என்றான்.

வீட்டுக்கு நாங்கள் வந்தபோது மணி நாலு. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை முக்காலியின் மேல் தூக்கிவைத்திருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் சேலையை இழுத்துக் காலை மூடினாள். காபி போடுவதாகச் சொல்லி எழப்போனாள். அவன் உட்காரச் சொன்னான். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"மதினி, நான் ஒங்களுக்குக் கொண்டாந்து குடுத்தது தழை. மருந்து இல்ல. நானே தின்னு பாத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நல்ல இலைதான். ரெண்டு சிட்டிகைக்கு நாலா போட்டாச் சரியாப்போகும்."

"நாப்பது போட்டாலும் அதேதான். ஆட்டுக்குப் போட்டா ஆடு கொழுக்கும். அம்புட்டுத்தான். மாத்திரையப் போடுங்க மதினி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள். அவன் அலமாரியைத் திறந்து பொடி டப்பாவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கட்டை அவிழ்க்கச் சொன்னேன். வாடை வந்தது. சிவப்பு கணுக்காலுக்கு ஒரு விரல் கீழே நின்றது. பால்பாயின்ட் பேனாவால் அந்த ஓரத்தில் ஒரு கோடு போட்டுவைத்தேன், காலையில் ஒப்பிட்டுப் பார்க்க.

திங்கள் காலை ஐந்தரைக்கு அந்தக் கோடு சிவப்பின் நடுவில் இருந்தது. அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அன்று நான் குழாயைக் காய்ச்சவில்லை. தம்பி இரவு தங்கியிருந்தான். கார் பிடிக்க அவன்தான் ஓடினான். ஆண்டிபட்டிக் கணவாயில் கார் ஏறும்போது அவள் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன். இன்றைக்குச் சந்தை உண்டா என்றாள். தெரியவில்லை என்றேன்.

மதுரையில் அவளைச் சேர்த்துக்கொண்ட டாக்டர், புண் எத்தனை நாளாக இருக்கிறது, மாத்திரை எத்தனை நாளாகக் குறைவு என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் தேதியோடு பதில் இருந்தது. அவர் எழுதிக்கொண்டார். இன்சுலின் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை சர்க்கரை இறங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கால் முழுவதும் போகாது என்றும் சொன்னார்கள். தம்பி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றான். உட்காரச் சொன்னால் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தான். கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொண்டுவந்தபோது அவன்தான் முதலில் கைநீட்டினான். கணவர் போட வேண்டும் என்றார்கள். நான் போட்டேன்.

புதன்கிழமை காலை இடது காலின் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள்.